ஹைட்ரஜன் கண்ட வீரத்தாய்

நாகல்நகர் ரவுண்டானாவில் பன்னிரண்டடி உயரத்துக்கு ஜோதிமணி சிரித்துக்கொண்டிருந்தாள். நாலே முக்கால் அடி உயரமுள்ள நிஜ ஜோதிமணி, அதற்கு எதிரே ஸ்கூட்டியை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேனரில் இருந்த முகம் அவளுடையதுதான். கழுத்துக்குக் கீழே யாருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. பட்டமளிப்பு அங்கி போட்ட எவளோ ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் கழுத்தில், பொட்டும் மூக்குத்தியும் கலையாமல், ஜோதிமணியின் தலையை உட்கார வைத்திருந்தார்கள். பின்னால் ஒரு நெருப்புக் கோளம். இரண்டு பக்கமும் பாயும் புலி. கீழே மஞ்சள் எழுத்தில்: "வெடித்த விண்மீனில் ஹைட்ரஜன் கண்ட வீரத்தாயே! வருக! வெல்க!" திண்டுக்கல்லை விட்டு எங்கேயும் போகாத ஒருத்தியை எதற்காக 'வருக' என்று கூப்பிட வேண்டும் என்பது அந்த பேனர் அடித்தவனுக்குத்தான் வெளிச்சம்.

அடித்தவன் அவள் கணவன் ஈஸ்வரன். பேகம்பூர் பக்கம் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவன்.

"என்னங்க இது?" என்று போனில் கேட்டாள். 

"ஏன், புலி பிடிக்கலையா? சிங்கமா மாத்திரவா?"

"யாரைக் கேட்டு வச்சீங்க?"

"அவனவன் மகன் பத்தாவது பாஸ் பண்ணதுக்கு வைக்கிறான். ஊருக்கெல்லாம் அடிச்சுக் குடுக்குறவன் பொண்டாட்டிக்கு அடிக்கக் கூடாதா? கீழ பேரெல்லாம் பாத்தியா, உங்க அண்ணனை முதல்ல போட்டிருக்கேன்."

வாழ்த்தி வணங்குவோர் பட்டியலில் இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். அத்தனை பேரில் ஹைட்ரஜனைப் பற்றிக் கேட்டால், அது பலூனுக்குள் இருப்பது என்பதுவரை சொல்லக்கூடியவர் இரண்டு பேர். ஆனாலும் அவர்கள் மனதார வாழ்த்தினார்கள். அதுதான் ஜோதிமணிக்குப் பயமாக இருந்தது. ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுக்க இன்னும் பதினாறு நாள் இருந்தது. கொடுப்பதற்கு முன்பே கொண்டாடினால் கண் பட்டுவிடாதா?

கண் பட்டது. ஆனால் பட்ட கண் வேறு.

ஜோதிமணி வளர்ந்தது பூ மார்க்கெட்டில். அப்பா வைத்திருந்த கமிஷன் கடையை இப்போது அண்ணன் சோலைமுத்து நடத்துகிறான். பள்ளிக்கூடம் போகும் வயதில் தினமும் காலையில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடையைச் சத்தமாகச் சொல்வது அவள் வேலை. பூ வாடாமல் இருக்க விவசாயிகள் நனைத்த சாக்கில் கட்டிக் கொண்டுவருவார்கள். சாக்கோடு ஒரு எடை. பூவைக் கொட்டிவிட்டு, அதே சாக்கை அப்போதே திரும்ப வைத்து இன்னொரு எடை. முதலில் இருந்து இரண்டாவதைக் கழித்தால் பூ. சாக்கில் எவ்வளவு ஈரம் ஊறியிருக்கிறது என்பது அன்றன்றைக்கு மாறும் என்பதால், நேற்றைய சாக்கு எடை இன்றைக்கு உதவாது. ஏழு வயதில் அவளுக்கு இது தண்ணீர்பட்ட பாடு.

பிறகு இயற்பியல் படித்தாள். எல்லோரும் கண்ணீர் விடும் டிவி சீரியலைப் பார்த்துக் கொட்டாவி விடுகிற ஜோதிமணி, எம்.எஸ்ஸி. வகுப்பில் ஒரு நட்சத்திரம் வெடித்துச் சாகிற கதையைக் கேட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எத்தனை லட்சம் வருடம் எரிந்துவிட்டு, ஒரே வினாடியில் நெஞ்சு இடிந்து, உடம்பைத் தூள் தூளாக விசிறிவிட்டுப் போகிறது! அந்த உடம்பு அதன் பிறகும் நிற்காமல் விரிந்துகொண்டே போகிறது. விரிய விரிய வெளி அடுக்கு மெலிந்து, உள்ளே வைத்திருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே தெரிகிறது. "செத்த பிறகுதான் மனசுல என்ன இருந்துச்சுன்னு தெரியுது பாரு" என்று தோழியிடம் சொல்லி விசும்பினாள். தோழி அன்றே கணிதத்துக்கு மாற முடியுமா என்று விசாரித்தாள்.

கல்யாணம் ஆனது. ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் பதினேழு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். பகுதி நேர ஆய்வு மாணவியாக எட்டு வருடம். அவளுடைய நெறியாளர் மதுரையில் இருக்கும் பேராசிரியர் முத்துக்கிருஷ்ணன். இந்த மாதக் கடைசியோடு பதிவு காலாவதி. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் எட்டு வருடமும் போய்விடும். முனைவர் பட்டம் இல்லாதவர்களை அடுத்த வருடம் வைத்துக்கொள்வதற்கில்லை என்று கல்லூரியிலும் ஓலை வந்துவிட்டது.

அவள் ஆராய்ந்தது ஒரே ஒரு சூப்பர்நோவா. ஏழு கோடி ஒளியாண்டுத் தொலைவு. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் இல்லாமல் அகச்சிவப்பில், அதாவது வெறும் வெப்பமாக வரும் ஒளியில் அதைப் பார்த்தாள். இமயமலைக்கு அந்தப் பக்கம் ஒரு வறண்ட மலை உச்சியில் இருக்கும் தொலைநோக்கிக்கு விண்ணப்பம் போட்டு, ஒரு வருடத்தில் ஐந்து தடவை அரை இரவு வாங்கினாள். அங்கே இருப்பவர்கள் படம் பிடித்து அனுப்புவார்கள். அந்த ஒளியைப் பிரித்து விரித்தால் ஒரு கோடு மேடும் பள்ளமுமாக ஓடும். ஹீலியத்துக்கு ஓர் இடத்தில் மேடு, இரும்புக்கு இன்னோர் இடத்தில் மேடு. மேடு எவ்வளவு அகலம் என்று பார்த்தால் விரிகிற உடம்பின் வேகம் தெரியும். வினாடிக்கு ஒன்பதாயிரம் கிலோமீட்டர்!

இதில் ஒரு தொல்லை. நம் காற்றில் இருக்கும் ஈரம் அகச்சிவப்பைக் குடித்துவிடும். எவ்வளவு குடித்தது என்று தெரிய, பக்கத்தில் இருக்கிற, நன்றாகத் தெரிந்த ஒரு நட்சத்திரத்தை அதே இரவில் அடுத்தடுத்து எடுத்து, அதன் ஒளியால் சூப்பர்நோவாவின் ஒளியை வகுக்க வேண்டும். ஜோதிமணிக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "அட, சாக்குக் கழிக்கிறது" என்றாள் முதல் நாளே.

அவளுடைய சூப்பர்நோவா ஹைட்ரஜன் இல்லாத இனம். ஆனால் நான்காவது தடவை எடுத்த படத்தில், ஹைட்ரஜனுக்கு உரிய இடத்தில், மற்ற எல்லா மேட்டையும்விட ஒல்லியாக, வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு மேடு நின்றது. ஜோதிமணி அதைப் பார்த்தவுடன் ஒரு கதை பிறந்தது. சாவதற்குச் சில வருடங்களுக்கு முன் அந்த நட்சத்திரம் தன் ஹைட்ரஜன் போர்வையை உதறி எறிந்திருக்கிறது. இப்போது வெடித்த உடம்பு பாய்ந்து போய் அந்தப் பழைய போர்வையை எட்டிப் பிடித்துவிட்டது! பிரிந்தவர் கூடினர்! மேடு இருக்க வேண்டிய இடத்தை விட்டுக் கொஞ்சம் இடதுபுறம் தள்ளி நின்றது. அதற்கென்ன, நம்மை நோக்கி வருவது எதுவும் அப்படித்தான் தள்ளி நிற்கும், போர்வை வருகிறது என்று எழுதினாள். எழுதும்போதே இரண்டு சொட்டு கண்ணீர் கீ போர்டில் விழுந்தது. முத்துக்கிருஷ்ணன் சாரும் அபூர்வம், அபூர்வம் என்று போனிலேயே துள்ளினார். அதைக் கேட்டுத்தான் ஈஸ்வரன் புலிப் படம் தேடினான்.

பேனர் வைத்த மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்கு ஜோதிமணி பூ மார்க்கெட்டுக்குப் போனாள். சாமிக்கு மல்லிகை வாங்க வேண்டும். பேனரில் முதல் பெயராக நிற்கும் அண்ணனிடம் புலம்பவும் வேண்டும். ஆனால் அங்கே ஏற்கெனவே ஒரு பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது.

சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து சம்பங்கி கொண்டுவரும் தங்கமுத்து, வெற்றிலை போட்ட வாயோடு, உலகத்திலேயே அப்பாவியான முகத்தை வைத்துக்கொண்டு தராசுக்கு முன்னால் நின்றார். சோலைமுத்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரே நின்றான்.

"சித்தப்பு, தராசுல வச்ச சாக்கை விரிச்சுக் காட்டு."

"விரிச்சுக் காட்ட அதென்ன பட்டுச்சேலையா? சாக்குதான் அப்பு."

சோலைமுத்து அதைப் பிடுங்கி உதறினான். நடுவில் ஓர் ஆள் தலையை விடுகிற அளவுக்கு ஓட்டை. அதன் வழியாக அவன் முகமே தெரிந்தது.

"இதுலயா பூ வந்துச்சு?"

"இதுலதான்."

"இம்புட்டுப் பெரிய ஓட்டையில ஒழுகாம எப்படிய்யா வந்துச்சு?"

"ஒழுகித்தான் வந்துச்சு. வழியெல்லாம் சம்பங்கிதான். எனக்கு எம்புட்டு நட்டம், அத யாராச்சும் கேட்டியளா?"

சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது. சோலைமுத்து அவருடைய டிவிஎஸ் வண்டியின் சீட்டுக்கு அடியில் கையை விட்டு, கனத்த, ஈரம் சொட்டும் ஒரு முழுச் சாக்கை உருவினான்.

"இதுல கொண்டாந்துட்டு, கழிக்க மட்டும் எடை கம்மியான ஓட்டச் சாக்கா? இந்தா பாருங்கப்பா, அம்புட்டுப் பேரும் செடியில பூப் பறிக்கிறாங்க. சித்தப்புக்கு மட்டும் ஓட்டையில பூ பூக்குது!"

"ஓட்டையிலயும் பூக்குதுன்னா அது நம்ம மண்ணு ராசிப்பா" என்றார் தங்கமுத்து, கொஞ்சமும் அசராமல்.

ஜோதிமணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்த உதடு அப்படியே நின்றுவிட்டது. ஓட்டையில பூ பூக்குது. கழிக்க வைத்த சாக்கில் ஓட்டை இருந்தால், ஓட்டை இருக்கிற இடத்தில் இல்லாத பூ முளைக்கும். வகுக்க வைத்த நட்சத்திரத்தில் பள்ளம் இருந்தால்? பள்ளம் இருக்கிற இடத்தில் இல்லாத மேடு முளைக்கும்!

கையிலிருந்த மல்லிகைப் பொட்டலம் கீழே விழுந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கையில் பூ கீழே விழுந்தால் என்ன நடக்கும் என்று வாசகர்களுக்குத் தெரியாதா?

"அண்ணே, நான் வாரேன்."

"ஏத்தா, இப்பத்தான வந்த! பூவ எடுத்துட்டுப் போத்தா!"

ஸ்கூட்டி போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் போனில் பழைய செய்திகளைப் பின்னோக்கித் தள்ளினாள். அந்த நான்காவது படம் எடுத்த மறுநாள் பாலசமுத்திரத்தில் அண்ணன் மகனுக்குக் காதுகுத்து. குலதெய்வக் கோயிலுக்குப் பின்னால், கவிழ்த்து வைத்த அண்டாவின் மேல் மடிக்கணினியை வைத்து, ஒரு கையால் வெற்றிலைத் தட்டு நிரப்பிக்கொண்டே மறுகையால் அந்தப் படத்தை வகுத்தவள் அவள். அன்று காலை ஒன்பது மணிக்கு, தொலைநோக்கியை இயக்கும் இனிகோ என்பவரிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது.

"மேடம், எப்பவும் எடுக்கும் மஞ்சள் நட்சத்திரம் மேகத்தில் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் இருந்த வெள்ளை நட்சத்திரத்தை எடுத்திருக்கிறேன். கணக்கில் கவனித்துக்கொள்ளவும்."

அதற்குக் கீழே ஜோதிமணி பதில் அனுப்பியிருந்தாள். கூப்பிய இரண்டு கைகள். கும்பிடு!

அன்றைக்கு வந்த எல்லாச் செய்திக்கும் அவள் கும்பிடுதான் போட்டிருந்தாள். மைத்துனர் வண்டி கொடைரோட்டில் பஞ்சர் ஆன செய்திக்குக் கும்பிடு. பெரியம்மாவின் முழங்கால் வலிக்குக் கும்பிடு. யாரோ அனுப்பிய காலை வணக்கத்துக்கும், சமையல்காரர் உப்பு எங்கே என்று கேட்டதற்கும் கும்பிடு. அந்த வரிசையில் இனிகோவின் எச்சரிக்கையும் ஒரு கும்பிடு வாங்கிக்கொண்டு அமைதியாகப் புதைந்துவிட்டது.

வழக்கமான மஞ்சள் நட்சத்திரத்தில் ஹைட்ரஜன் பள்ளம் இருந்தும் இல்லாத மாதிரி இருக்கும். வெள்ளை நட்சத்திரத்திலோ அது கிணறு. அந்தக் கிணற்றை முதலில் மூடிவிட்டுத்தான் வகுக்க வேண்டும். ஜோதிமணியின் கணினி, அது மஞ்சள்தான் என்று நம்பி, மூடாமலே வகுத்திருக்கிறது.

கணினியில் கிணற்றை மூடினாள். திரும்ப வகுக்கச் சொன்னாள். கணினி செத்த நேரம் யோசித்தது. திரையில் கோடு மெல்ல வரைந்துகொண்டு வந்தது. ஹீலியம் இருந்தது. இரும்பு இருந்தது. ஹைட்ரஜன் இருந்த இடம், வீடு காலி செய்துகொண்டு போன மாதிரி, வழித்துத் துடைத்துக் கிடந்தது.

போதாத குறைக்கு இன்னொன்றும் புரிந்தது. அந்தச் சூப்பர்நோவா இருக்கும் விண்மீன் கூட்டம் வினாடிக்கு ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் நம்மை விட்டுப் போகிறது. அவளுடைய போர்வை நம்மை நோக்கி வருவதாக அவள் கணக்கிட்ட வேகம்? அதே ஆயிரத்து ஐந்நூறு! போவதும் வருவதும் சரிக்குச் சரி. அப்படியென்றால் அந்த ஹைட்ரஜன் எங்கேயும் போகவில்லை, வரவுமில்லை. நம் வாசலில் நிற்கும் வெள்ளை நட்சத்திரத்துடைய பள்ளம், அங்கே மேடாக வேஷம் போட்டிருக்கிறது. சிறு பிள்ளைகூடச் சந்தேகப்பட்டிருக்க வேண்டிய இடம். அவள் சந்தேகப்படவில்லை, அழுதாள். கதை அவ்வளவு அழகாக இருந்தது.

மத்தியானம் சாப்பிட வந்த ஈஸ்வரன், அடுப்பு பற்றவைக்காமல் இருப்பதைப் பார்த்தான்.

"ஏ ஜோதி, ரவுண்டானாவுல உன் படத்துக்குக் கீழ ஒருத்தன் செல்ஃபி எடுக்குறான்..."

"ஹைட்ரஜன் இல்லைங்க."

"எங்க போச்சு?"

"இருந்தாத்தான போறதுக்கு?"

முழுக் கதையையும் கேட்டான். கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "இது யாருக்காச்சும் தெரியுமா?"

"எனக்குத் தெரியும்."

"உன்ன விடு. வெளியாளு?"

"யாருக்கும் தெரியாது."

"அந்த நட்சத்திரம் எம்புட்டுத் தூரம்?"

"ஏழு கோடி ஒளியாண்டு."

"அங்க போயி எவன் பாக்கப் போறான்? பதினஞ்சு நாள் கிடக்கு ஜோதி. பட்டத்த வாங்கிட்டு, அப்புறமா மெதுவா இல்லைன்னு சொல்லிக்கலாம்."

ஜோதிமணியால் அவனைத் திட்ட முடியவில்லை. அவள் மனசும் காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. எட்டு வருடம். மாவு அரைத்துக்கொண்டே படித்த எட்டு வருடம். தற்காலிகம், தற்காலிகம் என்று பதினேழு வருடமாகக் கையெழுத்துப் போட்ட வருகைப் பதிவேடு. ஒரே ஒரு கும்பிடு! அதைத் தூக்கி மறைத்துவிட்டால் பெயருக்கு முன்னால் முனைவர் என்று வந்துவிடும். கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள் வெற்றிலை வாயோடு தங்கமுத்து வந்து நின்றார். ஓட்டையிலயும் பூக்குதுன்னா அது நம்ம மண்ணு ராசிப்பா.

சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள். ஈஸ்வரன் பயந்துபோய் விபூதியைத் தேடினான்.

அன்று மாலை மதுரைக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். 

"மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பிட்டேனேம்மா" என்றார் முத்துக்கிருஷ்ணன். பிறகு, "இதை யாரு கண்டுபிடிச்சா?" என்றார்.

"தங்கமுத்து சித்தப்பு, சார்."

"எந்தப் பல்கலைக்கழகம்?"

"சாணார்பட்டி, சார். சம்பங்கி."

பூ மார்க்கெட் கதையைக் கேட்ட பிறகு அவர் கோபப்பட முயன்றார், முடியவில்லை. "சரி, ஆய்வேட்டோட உயிரே அந்த அத்தியாயம்தானேம்மா. பதினஞ்சு நாளைக்குள்ள என்னத்த எழுதுவே?"

"இல்லைங்கிறதையே எழுதுறேன் சார். ஹைட்ரஜன் இருந்திருந்தா எம்புட்டு வரைக்கும் நம்ம கண்ணுக்குத் தப்பி ஒளிஞ்சிருக்க முடியும், அதுக்கு மேல நிச்சயமா இல்லைன்னு எல்லை போட்டுக் காட்டுறேன். அஞ்சு படத்தையும் முதல்ல இருந்து திருப்பிச் செய்யறேன். இந்தத் தப்பையும் ஒரு பக்கம் எழுதுறேன்."

"தப்பை எதுக்கும்மா எழுதணும்?"

"அடுத்து எவளாவது காதுகுத்துல உக்காந்து வகுப்பா சார்."

அன்றைக்கே ஈஸ்வரனுக்கு இரண்டு உத்தரவு போட்டாள். ஒன்று, பேனரைக் கழற்ற வேண்டும். இரண்டு, பதினைந்து நாளைக்குச் சமையல் அவன் பொறுப்பு. பேனரை அவன் கழற்றினான். சமையலும் செய்தான். பதினைந்து நாளும் ஒரே வெஞ்சனம், உருளைக்கிழங்கு. அதிலும் மூன்று நாள் தோலோடு. கல்லூரிக்குப் போய் வந்து, கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஜோதிமணி எழுதினாள். கழற்றிய பேனரை என்ன செய்தான் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் ஆய்வேட்டைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வந்த அடுத்த காலை பூ மார்க்கெட்டுக்குப் போனால், அண்ணன் கடை முன்னால் விவசாயிகள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூவுக்கு வெயிலும் மழையும் படாமல் இருக்கக் கடைக்கு மேலே ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. படம் உள்பக்கமாக. ஜோதிமணி வானத்திலிருந்து சிரித்தாள். புலிகள் சம்பங்கி மேல் பாய்ந்தன.

"நல்ல கெட்டித் துணி, ஏன் வீணாக்கணும்னு மாப்ள குடுத்துட்டுப் போனாரு" என்றான் சோலைமுத்து. "ஒரு சொட்டு ஒழுகல."

ஏழு மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு வந்தது. அது பொதுமக்கள் முன்னால் நடப்பது. யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வியும் கேட்கலாம். இந்த விதியைப் போட்டவர்கள் ஈஸ்வரனின் உறவுக்காரர்களைப் பார்த்ததில்லை. இரண்டு வேனில் ஆட்கள் இறங்கினார்கள். மாலை ஒரு கூடை, லட்டும் மிக்சரும் போட்ட பெட்டி நூறு. முன்வரிசையில், வெள்ளை வேட்டியில், தங்கமுத்து. தன்னால்தான் இது நடக்கிறது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

வடக்கிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மெலிந்த, சிரிக்காத மனிதர். ஆய்வேட்டைப் புரட்டி அந்தக் குறிப்பிட்ட பக்கத்தில் நிறுத்தினார்.

"உங்கள் தவறை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எழுதாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. எதற்காக?"

 எட்டு வருடம் அந்த ஒரு கேள்வியில் தொங்கியது. "அந்தப் பக்கம் இல்லையென்றால் மற்ற பக்கங்களையும் நீங்கள் நம்பத் தேவையில்லை" என்றாள் ஆங்கிலத்தில். 

அவர் சபையைப் பார்த்தார். "யாருக்காவது கேள்வி உண்டா?"

முன்வரிசையில் ஒரு வேட்டி எழுந்தது. ஈஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டான்.

"எனக்கு ஒரு சந்தேகம் தாயி" என்றார் தங்கமுத்து. "நட்சத்திரத்துக்குக் கழிக்க வச்ச சாக்கை மாத்துனது யாரு? மேல இருந்த ஆளா?"

முத்துக்கிருஷ்ணன் தலையில் கை வைத்தபடி, தேர்வாளருக்கு அதை ஆங்கிலத்தில் சொன்னார். 

"இல்ல சித்தப்பு. அவரு மாத்துனத மாத்துனேன்னு எழுதியே அனுப்பியிருந்தாரு. நான்தான் படிக்காம கும்பிடு போட்டுட்டேன். தப்பு என்னோடது."

"அது சரி. மாத்துறவன் எவன் சொல்லிட்டு மாத்துறான்? அந்தாளு நல்ல மனுசன்" என்றார் தங்கமுத்து. "நாங்கள்லாம் சொல்றதில்ல."

இதையும் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. சிரிக்காத மனிதர் சிரித்துவிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அந்த ஓட்டைச் சாக்கு இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்கச் சொன்னார்.

"வீட்டுலதான், பத்திரமா வச்சிருக்கேன்" என்று சொன்ன தங்கமுத்து, மூன்றாவது வரிசையில் சோலைமுத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். அதை அன்றைக்கே எரித்துவிட்டேன் என்று அவனுக்கு ஏற்கெனவே சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

அரை மணி நேரம் கழித்து அறிவிப்பு வந்தது. முனைவர் ஜோதிமணி. மாலைகள் விழுந்தன, அந்த நாலே முக்கால் அடி உருவம் சம்பங்கிக்குள் மறைந்தே போயிற்று. உள்ளேயிருந்து விசும்பல் மட்டும் கேட்டது. ஈஸ்வரன் மாலைகளை விலக்கி முகத்தைத் தேடினான். அவன் கண்ணும் சிவந்திருந்தது. "இப்பவாச்சும் புதுசா ஒண்ணு அடிக்கவா?" என்றான்.

"அடிச்சீங்க, வாழ்நாள் பூராவும் சமையல் நீங்கதான், உருளைக்கிழங்குதான்."

புதிதாக அடிக்கவில்லை. பழையதிலேயே ஒரு துண்டு ஒட்டினான். மறுநாள் காலை, ஏணி போட்டு அவனே ஏறி, 'ஹைட்ரஜன்' என்பதற்கும் 'கண்ட' என்பதற்கும் நடுவில் இருந்த இடுக்கில், சிவப்பு எழுத்தில். இப்போது அந்தக் கடையின் கூரையில் இப்படி இருக்கிறது: "வெடித்த விண்மீனில் ஹைட்ரஜன் இல்லையெனக் கண்ட வீரத்தாயே!" இடம் போதாமல் 'இல்லையெனக்' மட்டும் கொஞ்சம் சரிந்து, ஒரு புலியின் வாயில் போய் முடிகிறது.

அன்றைக்குத் தங்கமுத்துவின் சம்பங்கி வந்தது. பூவைக் கொட்டினார்கள். அவர் ஒரு சாக்கை மடித்துத் தராசில் வைத்தார். சோலைமுத்து அதைத் தொடவே இல்லை. விரலை மட்டும் மேலே காட்டினான்.

தங்கமுத்து அண்ணாந்து பார்த்தார். பன்னிரண்டடி ஜோதிமணி அவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு கோடி வருசத்துக்கு அந்தாண்ட உள்ளதையே பாத்துருச்சு" என்று முணுமுணுத்தார். தராசில் வைத்த சாக்கை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வண்டியை நோக்கி நடந்தார். "செத்த இருப்பா. வேற சாக்கு கொண்டாரேன்."